நீராவிக்கு வழிவிட்டவள்

குக்கரின் சேஃப்டி வால்வு போனால் எங்கள் வீட்டில் மாற்றுவது நான்தான். பள்ளி நாட்களிலிருந்தே அப்படி. பிளஸ் டூ முடித்ததும் மெக்கானிக்கல் படிக்கிறேன் என்றேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா ஸ்பேனரும் கிரீஸும்?" என்றார் அப்பா. தமிழில் சேர்த்துவிட்டார்.

வெரினா ஹோம்ஸைப் பற்றிப் பின்னாளில்தான் படித்தேன். 1889இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். பொம்மைகளைப் பிரித்துப் பார்த்த சிறுமி. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, தொழிற்சாலைக் கதவு பெண்களுக்குத் திறந்தது. விமானங்களுக்கு மர விசிறி செய்யும் வேலை; இரவில் தொழில்நுட்ப வகுப்பு. போர் முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர் போகவில்லை. 1922இல் பொறியியல் பட்டம் பெற்றார்.

ரயில் எஞ்சினின் சிலிண்டருக்குள் நீராவி எப்போது நுழைய வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பது வால்வின் கையில். அந்த வால்வுகளை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார் வெரினா. 1931இல் லோகோமோட்டிவ் பொறியாளர்கள் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1946இல் தோழி ஒருவருடன் சொந்த நிறுவனம் தொடங்கி, பெண்களை மட்டுமே வேலைக்கு எடுத்தார். போர் வந்தால்தான் பெண்ணுக்கு வேலை என்ற கணக்கு அங்கே செல்லவில்லை.

சென்ற வாரம் ஒரு மாணவி சொன்னாள்: "தம்பியை மெக்கானிக்கல்ல சேர்த்துட்டாங்க மிஸ். செலவு கம்மின்னு என்னைத் தமிழ்ல."

தமிழை நான் நேசிக்கிறேன். அதில் கவிதை எழுதுகிறேன். ஆனால், அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அன்று வகுப்பில் முதல்முறையாகச் சொன்னேன்.