கன்வெர்ட்டர் மாற்றும் முன்

சென்னை புதுப்பேட்டையில், பிரித்த வண்டிகளின் கதவும் பம்பரும் அடுக்கிய கடைகளைக் கடந்து சந்துக்குள் திரும்பினால், சைலன்சர் வேலை மட்டுமே பார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. தரையில் ஒரு குழி, ஓரத்தில் ஆர்கான் வெல்டிங் செட், சுவர் நெடுக விதவிதமாக வளைத்த பைப்புகள். மேஸ்திரியும் இரண்டு பையன்களும்தான் ஆட்கள். பழைய கார்களில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றுவதைப் பார்க்க வந்தேன் என்றதும் மேஸ்திரி சிரித்தார். "மாத்துறத விட மாத்தாம அனுப்புறதுதான் இங்க ஜாஸ்தி சார். உக்காருங்க, பாப்பீங்க."

குழியின் மேல் நின்றது 2013-இல் வந்த, பி.எஸ்.-4 புகைத் தரத்துப் பெட்ரோல் கார். என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் குறியீடு. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். வேறொரு ஒர்க்ஷாப்பில் புதியது போடச் சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. என்ஜினை ஓடவிட்டு, பின்பக்கக் குழாயை ஈரத்துணியால் அடைக்கச் சொன்னார். குழிக்குள் இறங்கி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தார். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள பிளேஞ்சில் நுரை பொங்கியது.

"பேக்கிங் போயிருக்கு. இந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போகுது. சென்சார் அதப் பாத்து ஏமாந்துடுது."

கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. முன்சென்சாரின் வோல்ட் சுமார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்சென்சார் பெரிதாக அசையாது. அதுவும் முன்சென்சாரைப் போலவே ஆடினால்தான் சந்தேகப்பட வேண்டும். பேக்கிங்கை மாற்றிக் குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்த்தபோது, பின்சென்சாரின் கோடு ஸ்கேனர் திரையில் சமமாக நின்றது. புதிய கன்வெர்ட்டர் இல்லாமலே வண்டி கிளம்பியது.

அடுத்து வந்த காருக்கு வயது இன்னும் அதிகம். மேட்டில் இழுக்கவில்லை, மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. பையன் ரப்பர் சுத்தியலால் தட்டியபோது உள்ளே கலகலவென்று சத்தம். இது உண்மையாகவே முடிந்த கேஸ். ஆனால் மேஸ்திரி உரிமையாளரிடம் கேட்ட முதல் கேள்வி வேறு: "எத்தன நாளா மிஸ்ஸிங் அடிக்குது?" பல மாதமாக என்று பதில் வந்தது.

காரணம் அங்கேதான் இருந்தது. ஒரு சிலிண்டரில் பொறி சரியாக விழாவிட்டால், எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சூடு எல்லை மீறி, உள்ளிருக்கும் பீங்கான் உருகிக் கட்டியாகிறது; புகை போக வழியில்லாமல் என்ஜின் திணறுகிறது. என்ஜின் ஆயில் குடித்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பீங்கானின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலும் அதற்கு நஞ்சுதான். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது, ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது அதனால்தான்.

"மொதல்ல காயிலும் பிளக்கும் மாத்திட்டு வாங்க. இல்லன்னா நான் போடுற புதுசும் இதே கதிதான்" என்று அந்தக் காரைத் திருப்பி அனுப்பினார். அது திரும்பி வந்த நாளில் மாற்றும் வேலையைப் பார்த்தேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார்கள். வெல்டிங் மின்சாரம் காரின் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடக் கூடாது. துருவேறிய ஸ்டட்டுகளுக்கு எண்ணெய் அடித்து, ஊறவிட்டு, கேஸ் தீயில் சூடேற்றிக் கழற்றினார்கள். அவசரப்பட்டு முறித்தால் அரைநாள் போய்விடும். பழையதன் வாயைப் பார்த்தேன். இடியாப்ப அச்சைப் போல ஒழுங்காகத் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் கருகிய கட்டி. சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளைகள்; அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் சேர்ந்தே சில கிராம்தான். அந்தச் சில கிராம்தான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிக்கிறது.

புதியதில் அம்புக்குறி புகை போகும் திசையைப் பார்க்க வேண்டும். பழையது இருந்த இடத்திலேயே பொருத்த வேண்டும். என்ஜினைவிட்டுத் தள்ளிப்போனால் சூடேறுவது தாமதமாகும். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடேறாமல் கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்காது. ஆர்கானில் ஓட்டிய தையலை மேஸ்திரி மறுபடியும் சோப்புத் தண்ணீரால் சோதித்தார். நுரை வரவில்லை.

இதைவிட மலிவான வழியும் ஊரில் உண்டு: பீங்கானை உடைத்துக் கொட்டிவிட்டுக் காலி டப்பாவை மாட்டுவது. "பிக்கப் கூடும்னு வந்து கேப்பாங்க. நான் செய்யறதில்ல" என்றார். பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காலி டப்பாவோடு அந்த எண்ணைத் தொடுவது கடினம். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவை முதலில் சுவாசிப்பவர்கள் சிக்னலில் பின்னால் நிற்கும் பைக் ஓட்டிகள்.

உடைப்பவருக்கும் ஆபத்துதான். பீங்கானைச் சுற்றியிருக்கும் நார்ப்பாய் தூளாகி நுரையீரலுக்குள் போகிறது. காயலான் கடைக்காரர்கள் டப்பாவில் அடித்த எண்ணைப் பார்த்து விலை பேசி வாங்கி, சுத்தியலால் பிளக்கிறார்கள். பலருக்கு முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. இந்தப் பட்டறைப் பையன்களும் எங்கோ அப்படிப் பிளந்துதான் தொழில் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது வெட்டும்போது மாஸ்க் போடச் சொல்லி மேஸ்திரி அதட்டுகிறார். பழையதை முழுதாகவே விற்கிறார்.

உங்கள் காருக்குக் கன்வெர்ட்டர் மாற்றச் சொன்னால், பழையதைக் கெடுத்தது எது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத பட்டறையில் புதியதை மாட்டாதீர்கள்.