காற்றைக் கண்ட கதை

விழா மலருக்குக் கட்டுரை எழுதுமாறு அன்பர்கள் பணித்தபோது, எம் நெஞ்சிலே முதற்கண் எழுந்தது ஒரு மாணவனின் வினாவேயாகும். தென்றல், வாடை, கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் தமிழர் இட்ட பெயர்களை வகுப்பிலே விளக்கி, "காற்று உணர்தற்குரியது, காண்டற்குரியதன்று" என்று முடித்தோம். கடலோரக் கிராமத்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அதைக் காணக் கூடுமாயின் எங்கள் பூட்டனார் திரும்பி வந்திருப்பாரல்லவா?" என்றான். 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலிலே கடலுக்குச் சென்று மீளாதவர் அவர். யாம் விடை கூறாது பாடத்தைத் தொடர்ந்தோம்.

விடையைப் பின்னரே கற்றோம். 2018 ஓகஸ்ட் 22ஆம் நாள் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் ஏயோலஸ் என்னும் செய்மதியை ஏவினர். கிரேக்கர் புராணத்திலே காற்றுக்களைக் காப்பவன் பெயர் அது. 320 கிலோமீற்றர் உயரத்திலிருந்து புறவூதா லேசர் ஒளியைச் செக்கனுக்கு 50 தடவை அது சரிவாகக் கீழ்நோக்கி அனுப்பிற்று. வளியின் மூலக்கூறுகளிலும், தூசி, புகை முதலிய நுண்துணிக்கைகளிலும் பட்டுத் திரும்பிய சிறிதளவு ஒளியை 1.5 மீற்றர் விட்டமுடைய தொலைநோக்கி ஏற்றது. நெருங்கும் புகையிரதத்தின் ஊதலொலி உயர்ந்தும், அகலும்போது தாழ்ந்தும் கேட்பதுபோல, காற்றோடு அசையும் துணிக்கைகளிற் பட்ட ஒளியின் அதிர்வெண்ணும் சிறிது மாறும். அம்மாற்றத்தால் காற்றின் வேகமும், ஒளி திரும்ப எடுத்த நேரத்தால் அக்காற்று வீசும் உயரமும் பெறப்பட்டன. இம்முறைக்கு லிடார் என்று பெயர்.

ஓலைக் கூரையின் துவாரத்தால் நுழையும் வெயிற்கதிரிலே தூசி மிதந்தோடக் கண்டவர் எவரும் இவ்வித்தையின் கருவை அறிவர். யாமும் சிறுபருவத்திற் கண்டதுண்டு, வகுப்பிலே மறந்தோம்.

வானிலைப் பலூன்கள் பெரும்பாலும் நிலத்திலிருந்தே விடப்படுதலால், கடலின்மேல் உயரத்தே வீசுங் காற்றுப் பெரிதும் அளக்கப்படாதிருந்தது. 2020 சனவரி முதல் நடுத்தரகால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய நிலையம் இச்செய்மதியின் அளவைகளை நாளாந்தக் கணிப்பிற் சேர்த்தது. தடித்த முகிலை ஒளி ஊடுருவமாட்டாது. ஆதலாற் புயலின் நடுவை அது கண்டிலது. புயலைச் சூழ்ந்து நின்று அதனைச் செலுத்துங் காற்றையே கண்டது. 2023 ஏப்பிரல் 30இற் பணி ஓய்ந்து, யூலை 28இல் அந்தாட்டிக்காவின்மேல் வளிமண்டலத்துட் புகுந்து அழிந்தது. அதன் வழித்தோன்றலை ஆக்கும் முயற்சி நடைபெறுகின்றது.

அம்மாணவன் இன்று பழைய மாணவன். இம்மலரைப் புரட்டவுங் கூடும். அவனுக்கு எம் விடை இதுவே: தம்பி, காற்றைக் காணலாம். உன் பூட்டனார்க்கு உதவாத அவ்வறிவு இனிக் கடலுக்குச் செல்வோர்க்கு உதவும். ஆயினும், கண்டவர் சொல் கரையோரத்துக் குடிசைக்கு உரிய வேளையில் எட்டுதல் வேண்டும். அது கற்ற நம் யாவரது கடனுமாகும். அன்று வாய் திறவாதிருந்தமைக்கு வருந்துகின்றோம்.