இழப்பைத் தாமதப்படுத்தும் குளிசைகள்

தபேலா மேதை ஸாகிர் ஹுசைன் 2024 டிசம்பர் 15ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். மரணத்திற்கான காரணமாக அவருடைய குடும்பத்தினர் ஒரு நோயின் பெயரை அறிவித்திருந்தனர்: இடியோபதிக் பல்மனரி பைப்ரோசிஸ். தமிழில் நுரையீரல் நார்த்திசு நோய் எனலாம். அந்த வாரம் எனக்கு வழக்கத்திற்கு மாறாகப் பல தொலைபேசி அழைப்புகள் வந்தன. "உமக்கும் இதுதானே?" என்று நேரடியாகக் கேட்டவர் ஒருவர்தான். ஏனையோர் சுகம் விசாரித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தனர். மூன்றாண்டுகளாக நான் விளக்கியும் விளங்காத ஒரு பெயரை ஒரு கலைஞனின் மரணம் விளங்கவைத்துவிட்டது.

இந்நோயில், நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளைச் சூழ்ந்துள்ள மெல்லிய இழையம் தழும்பேறித் தடித்துவிடுகின்றது. பஞ்சாக இருக்கவேண்டியது தும்பாகிவிடுகின்றது என்று சொன்னால் எம்மவர்க்கு எளிதில் விளங்கும். உள்ளிழுத்த காற்றிலுள்ள ஒட்சிசன் இரத்தத்தில் கலப்பது கடினமாகின்றது. கல்நார், சிலிக்காத் தூசு, பறவைகளின் எச்சம், மூட்டுவாதம், சில மருந்துகள் எனக் காரணம் தெரிந்த வகைகளும் உண்டு. இடியோபதிக் என்பது காரணம் அறியப்படாத வகை. ஒவ்வொரு செய்தியிலும் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இருக்கவேண்டும் என்று இளம் நிருபர்களை முப்பது ஆண்டுகளாக அதட்டிய எனக்கு வாய்த்தது இந்த வகைதான்.

சளியில்லாத வரட்டு இருமல், மாடிப்படி ஏறினால் இளைப்பு என்றுதான் இது ஆரம்பமாகியது. முதலிற் பார்த்த வைத்தியர் முட்டு என்றார். உறிஞ்சும் மருந்து தந்தார். உறவினர்கள் ஆடாதோடைக் கசாயம் அவித்துத் தந்தார்கள். கொரோனாக் காலமாதலால், பஸ்ஸில் இருமினால் பக்கத்து இருக்கை காலியாகும். ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின்னரே நெஞ்சுநோய் நிபுணர் ஒருவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, வெல்குறோ நாடாவை மெல்ல உரிப்பது போன்ற ஒலி கேட்கிறது என்றார். பின்னர் என் விரல் நுனிகள் திரண்டிருப்பதைப் பார்த்தார். சி.ரி. ஸ்கான் மீதியைச் சொல்லிற்று.

பல தசாப்தங்களாக இந்நோய்க்கு ஸ்டெரொயிட் மருந்துகளே கொடுக்கப்பட்டு வந்தன. ஸ்டெரொயிட்டுடன் அசதியோபிறினும் வேறொரு மருந்தும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை பெற்றோரிடையே மரணங்கள் அதிகம் என்பதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிய பின்னரே அவ்வழி கைவிடப்பட்டது. 2014 அக்டோபரில் பிர்பெனிடோன், நின்டெடனிப் ஆகிய இரு மருந்துகளும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை ஏற்பட்ட தழும்பை நீக்குவனவல்ல. தழும்பு பரவும் வேகத்தைக் குறைப்பனவே.

நோயாளியின் மனம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். காய்ச்சலுக்குப் பனடோல் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் பலன் தெரியும். இந்தக் குளிசையைப் போட்டால் தெரிவது ஓங்காளம் மாத்திரமே. அது தரும் நன்மையை உடல் ஒருபோதும் உணர்வதில்லை.

நான் எடுப்பது பிர்பெனிடோன். வாரத்துக்கு வாரம் அளவைக் கூட்டி மூன்றாவது வாரத்தில் முழு அளவைத் தொடவேண்டும். வெறுவயிற்றில் எடுத்தால் அன்றைய பொழுது போயிற்று. சாப்பாட்டின் நடுவே, பாதிச் சோறு உள்ளே சென்றபின் விழுங்குவது ஓரளவு தாங்கக்கூடியது என்பதை அனுபவத்தில் அறிந்தேன். ஈரலைச் சோதிக்க முதல் ஆறு மாதங்களும் மாதந்தோறும், பின்னர் மூன்று மாதத்திற்கொரு தடவையும் இரத்தம் கொடுக்கவேண்டும். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். எங்கள் நாட்டில் வெயிலுக்கு ஒளித்து எங்கே போவது? நல்லூருக்கு ஆண்கள் மேலங்கியின்றியே செல்லவேண்டும். ஆவணி வெயிலில் வெறும் மேலுடன் வீதியில் நிற்பது இனி எனக்கில்லை. மாலைப் பூசைக்குப் போகின்றேன். முருகன் அதே முருகன்தான்.

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவருக்கும் இதே நோய். அவர் எடுப்பது நின்டெடனிப். "உனக்குச் சத்தி, எனக்கு வயித்தோட்டம். ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு வருத்தம், மச்சான்" என்பார். வெளியே புறப்படுமுன் லோப்பரமைட் எடுப்பதும், எந்தக் கடையில் மலசலகூடம் உண்டென அறிந்து வைத்திருப்பதும் அவருடைய வாழ்க்கை முறையாகிவிட்டது. இருவரும் சிரிப்போம், சிரிப்பு இருமலாகும், யாராவது ஒருவர் தொலைபேசியை வைத்துவிடுவோம்.

நான்காம் மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்திருந்தேன். இந்த மருந்து வேண்டாம் என்று வைத்தியரிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. இரண்டு வாரம் அளவைக் குறைத்து, மீண்டும் படிப்படியாகக் கூட்டினார். வருட முடிவில் மூச்சுக் கொள்ளளவை அளந்தார்கள். மருந்தின்றி விட்டால் ஆண்டொன்றிற்குச் சராசரியாகச் சுமார் 200 மில்லிலீற்றர் குறையும் என்றும், மருந்துடன் அது ஏறத்தாழ அரைவாசியாகும் என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. எனக்கு 90 குறைந்திருந்தது. வீட்டிற்கு வந்ததும் மனைவி கேட்டாள்:

"என்னவாம்?"

"குறைஞ்சு போச்சு."

"பிறகேன் சிரிக்கிறியள்?"

அதை விளக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியபின் அவளும் சிரித்தாள். மருந்து எனக்கு எதையும் தரவில்லை. போகவேண்டியதில் ஒரு பங்கைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அந்த ஒரு பங்குக்காகத்தான் இவ்வளவு ஓங்காளமும்.

மற்றவை சிறு சிறு ஒழுங்குகள். கதிரையில் இருந்து குளிப்பது. உதட்டைக் குவித்து, இழுத்ததிலும் இரு மடங்கு நேரம் எடுத்து மூச்சை விடுவது. விரலில் மாட்டும் கருவி 88க்குக் கீழே காட்டினால் செய்வதை நிறுத்துவது. இன்புளுவென்சா, நிமோனியாத் தடுப்பூசிகளைத் தவறவிடாதிருப்பது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அமுலானபோது, வீடுகளில் ஒட்சிசன் இயந்திரத்தை நம்பியிருந்தோரின் நிலை எனக்கு ஒரு செய்தி. இன்று இரவில் எனக்கும் அந்த இயந்திரம் தேவை. விளக்கு ஒருமுறை மினுங்கினாலே மனைவி எழுந்து சிலிண்டரைப் பார்க்கிறாள்.

2025 அக்டோபரில் நெரண்டோமிலாஸ்ட் என்ற இன்னொரு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் வேகத்தைக் குறைப்பதுதான்; குணமாக்குவதன்று. உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய எவருக்காவது வரட்டு இருமலும் படியேறினால் இளைப்பும் மாதக்கணக்கில் நீடித்தால், கசாயத்துடன் நின்றுவிடாது நெஞ்சுநோய் வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்கனவே இந்த மருந்தை எடுப்பவராயின், "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் எடுக்கிறாய், சுகம் வரவில்லையே" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சாப்பாட்டின் நடுவே அந்தக் குளிசையை நினைவுபடுத்தி எடுத்துக் கொடுங்கள்.