கரும்புக்கு நடுவே ஓர் ஊர்: ஹிங்குராண பற்றிச் சில குறிப்புகள்

தம்பிலுவிலுக்குக் கிழக்கே கடல். மேற்கே சாகாமம் பக்கத்து வயல்கள். அவற்றையும் கடந்து வடமேற்கே உள்நாட்டுக்குப் போனால் நெல் குறைந்து கரும்பு தொடங்கும். அந்தக் கரும்புக்கு நடுவில் ஹிங்குராண. எங்கள் கரையோரத்தில் நெல் ஆலை இல்லாத ஊர் அரிது. ஆனால் அவை ஊர் இருந்த இடத்துக்கு வந்த ஆலைகள். ஆலையால் ஊரான இடம் ஹிங்குராண.

*

நெல்லைக் காயவைத்துச் சாக்கில் கட்டினால் மாதக்கணக்கில் கிடக்கும். கரும்பு அப்படிக் காத்திராது. வெட்டிய நேரத்திலிருந்தே அதிலுள்ள சீனி குறையத் தொடங்கிவிடும், ஓரிரு நாளுக்குள் அரைத்தாக வேண்டும். அதனால்தான் சீனி ஆலையைக் கரும்புக்குள்ளேயே கட்டுகிறார்கள். பிழிந்த சக்கை கொதிகலனுக்கு எரிபொருள். மிஞ்சும் கழிவுப்பாகு வடிசாலைக்குப் போய் மதுசாரமாகும்.

*

ஆலையால் ஊரான இடங்கள் அமெரிக்காவிலும் உண்டு. அவற்றில் பேர்போனது மசாசூசெட்ஸ் மாநிலத்து லோவெல். மெரிமாக் ஆறு விழுகிற இடத்தைப் பார்த்து, கால்வாய் வெட்டி, 1820களில் அங்கே பருத்தி ஆலைகளை எழுப்பினார்கள். 1836இல் அது நகரமாயிற்று. பின்னர் ஆலைகள் தெற்கு மாநிலங்களுக்குப் போய்விட, ஊர் வாடியது.

ஹிங்குராணவின் தண்ணீரிலும் ஓர் அமெரிக்கத் தொடர்பு உண்டு. பட்டிப்பளை ஆறு என்று எங்கள் முன்னோர் சொன்ன கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டியது ஐடஹோ மாநிலத்து மொரிசன் நட்சன் கம்பனி. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் இருந்த அதே கம்பனி. 1949இல் வேலை தொடங்கியது. அந்த அணைக்குப் பின்னால் தேங்கிய நீர்தான் சேனநாயக்க சமுத்திரம். சுதந்திரத்துக்குப் பின் நாடு கண்ட முதல் பெரிய ஆற்றுத் திட்டம் இது. சீனி ஆலை 1960இல் வந்தது.

*

சனத்தொகையை வெறும் எண்ணாக எழுத எனக்கு மனம் வரவில்லை. கல்லோயாத் திட்டத்தோடு வெளி மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் குடியேற்றப்பட்டன. 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டம் நாடாளுமன்றத்தில் நின்ற நாட்களில், இந்தப் பள்ளத்தாக்கில் கலவரம் வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 6,50,000. முஸ்லிம்கள் முதலிடம், சிங்களவர் அடுத்து, தமிழர் மூன்றாமிடம். எந்த இனமும் பாதியைத் தொடவில்லை. கச்சேரி உள்நாட்டில் இருக்கிறது. சனம் நெருங்கி வாழ்வது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோரம் நெடுக.

*

இனிச் சொல்வது ஆற்றின் இடதுகரைச் சங்கதி, ஆலையோடு சேர்ந்ததல்ல. ஆனாலும் விட மனமில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பின் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இளைஞர்களை வாய்க்கால் தோறும் அனுப்பி விவசாயிகளைக் கூட்டின. தண்ணீர் தட்டுப்பாடான காலத்திலும் தலைமடைக்காரர் தங்கள் பங்கில் மிச்சம் பிடித்துக் கடைமடைக்கு விட்டார்கள். தலைமடையில் சிங்களவர், கடைமடையில் தமிழரும் இருந்தார்கள். 1956ஐச் சொல்லும் எவரும் இதையும் சொல்ல வேண்டும்.

*

ஹிங்குராண ஆலை 1997இல் மூடப்பட்டது. அதே 1960இல் தொடங்கிய கந்தளாய்ச் சீனி ஆலை அதற்கு முன்பே, 1993இல், நின்றுபோயிருந்தது. ஹிங்குராணவில் மறுபடி அரைக்கத் தொடங்கியது 2012இல், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் கல்லோயா பிளான்டேஷன்ஸ் நிறுவனத்தின் கீழ். இடையில் பதினைந்து ஆண்டு. ஒரு பிள்ளை பிறந்து சாதாரண தரப் பரீட்சையை நெருங்கும் காலம் அது.

நெல் விவசாயிக்கு ஓர் ஆலைக்காரர் விலை குறைத்தால் அடுத்த ஆலை இருக்கிறது. கரும்புக்காரருக்கு வாங்குகிறவர் ஒருவர்தான். அவர் கதவடைத்தால் நட்ட கட்டை மறுபடி தழைத்து வந்தும் பயனில்லை. நாடு தின்னும் சீனியில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது, அதன் இறக்குமதி வரி கூடுவதும் குறைவதும் இந்த ஆலையின் மூச்சைத் தீர்மானிக்கிறது. கரும்பு விலையைத் தீர்மானிக்கும் மேசையில் விவசாயிக்கு நாற்காலி இல்லாமல் இந்த ஆலை நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

*

லோவெலின் ஆலைகளை 1978இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கிவிட்டார்கள். ஆலைப் பெண்களின் கடிதங்கள்கூட அங்கே புத்தகங்களாகக் கிடைக்கின்றன. ஹிங்குராண பற்றித் தமிழில் ஒரு முழு நூல் என் கண்ணில் படவில்லை. அணைக்கட்டில் கூலிக்கு நின்றவர், கரும்பு வெட்டியவர், 1997க்கு முன் ஆலையில் வேலை பார்த்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, உட்காரவைத்துக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களில் பலருக்கும் இப்போது வயதாகிவிட்டது.