நாங்குநேரிக்குப் பிறகும்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அண்ணனும் தங்கையும் பட்டியல் சாதிப் பிள்ளைகள். அதற்கு முன்பே அவனை சிகரெட் வாங்கி வரச் சொல்லி ஏவியிருக்கிறார்கள். தாங்க முடியாமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டான். பள்ளியில் புகார் சொன்ன பிறகுதான் வெட்டு விழுந்தது.

எந்தப் பிள்ளையும் கொடூரத்தோடு பிறப்பதில்லை. யாரை ஏவலாம், யார் எதிர்த்துப் பேசக் கூடாது என்பதையெல்லாம் வீட்டிலும் தெருவிலும் பெரியவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. வகுப்பில் நாலு பேர் சேர்ந்து சிரித்துவிட்டால் போதும், அடுத்த நாள் இன்னும் துணிச்சல் வந்துவிடும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை என்று பல பரிந்துரைகள். எல்லாமே தேவைதான். ஆனால், "ரெண்டு பேரும் கை குடுத்துக்கங்கடா" என்று புகாரை முடித்து வைக்கும் பழக்கம் பள்ளிகளில் இன்னும் போகவில்லையே! அடித்தவன் எதிரில் நிற்கும்போது அடிபட்டவன் எப்படி வாய் திறப்பான்? தனித்தனியாக விசாரியுங்கள். வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஆசிரியர்களே, புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை யாரோடு வீட்டுக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.