சறுக்காத கால்

‘மணிபால்’ படம் பார்த்துவிட்டு பேஸ்பாலுக்குள் வந்தவன் நான். கூட உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை; யூடியூப்தான் வாத்தியார். படத்தில் வந்த ஓக்லண்ட் அணியைத் தேடப்போய் ஒரு விசித்திரமான கணக்கில் மாட்டிக்கொண்டேன். 2000, 2001, 2002, 2003. நான்கு வருஷமும் பிளேஆஃப் போனார்கள். நான்கு முறையும் முதல் சுற்றிலேயே, ஐந்து ஆட்டத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறினார்கள்.

மோசமான டீம் என்றால் சரி, விட்டுவிடலாம். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 2001இல் 102 வெற்றி, 2002இல் 103. அந்த 2002இல் தொடர்ச்சியாக 20 ஆட்டம் வேறு ஜெயிச்சாங்க. இத்தனைக்கும் வீரர்களின் சம்பளத்துக்கு அவர்கள் செலவழித்தது, நியூயார்க் யாங்கீஸ் செலவழித்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆறு மாதம் சலித்துச் சலித்து யார் நல்ல டீம் என்று கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் அக்டோபர் வந்து அஞ்சே ஆட்டத்தில் அதை அழித்துவிடுகிறது. சின்னத் தொடர், அதிர்ஷ்டம்தான் என்று புள்ளிவிவரக்காரர்கள் சொல்வார்கள். என் மூளையும் அதைத்தான் சொல்லுது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ஒரே ஒரு ஓட்டத்தை.

2001, மூன்றாவது ஆட்டம். யாங்கீஸை அவர்கள் ஊரிலேயே ரெண்டு தடவை சாய்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். இன்னும் ஒன்று போதும். ஏழாவது இன்னிங்ஸ், 1-0 என்று பின்தங்கியிருக்கிறார்கள். டெரன்ஸ் லாங் வலது மூலைக்கு அடிக்கிறார். முதல் பேஸில் நின்ற ஜெரமி ஜியாம்பி, ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வருகிறார். மூலையிலிருந்து எறிந்த பந்து, இடையில் வாங்க வேண்டிய இரண்டு பேரின் தலைக்கு மேலே போய்விட்டது. எங்கிருந்தோ டெரக் ஜீட்டர் குறுக்கே ஓடி வந்து அதைப் பிடிக்கிறார், ஓடுகிற வேகத்திலேயே பக்கவாட்டில் தட்டிவிடுகிறார். கேட்சர் பொசாடா ஜியாம்பியின் காலைத் தொடுகிறார். அவுட்.

ஜியாம்பி சறுக்கவில்லை. நின்ற வாக்கிலேயே ஓடினார். கிரிக்கெட்டில் டைவ் அடிக்காமல் ரன் அவுட் ஆகிற மாதிரி.

ஆட்டம் 1-0லேயே முடிந்தது. அடுத்த இரண்டும் போச்சு. 2003இல் பாஸ்டனோடும் இதே கதை: ரெண்டு ஜெயிச்சு மூணு தோத்தாங்க. அதில் கடைசியாக மட்டை பிடித்தவர் யார் தெரியுமா? அதே டெரன்ஸ் லாங். மூன்று பேஸிலும் ஆள், தேவை ஒரு ரன். மட்டையை அசைக்காமலே ஸ்ட்ரைக் அவுட். இவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

‘மணிபால்’ ஜெரமியை 2002இல் புதிதாகச் சேர்த்த ஆளாகக் காட்டுகிறது. உண்மையில் 2000த்திலிருந்தே அணியில் இருந்தவர். படத்தின் கதைப்படி அந்த ஓட்டத்தை ஓடியவர் அவராக இருக்கவே முடியாது. முதலில் இதை ஒரு தப்பு என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

2022 பிப்ரவரியில் ஜெரமி ஜியாம்பி இறந்தார். வயது 47. ஆறு பருவம் ஆடியவர். மரணச் செய்திகளைத் திறந்தால் அந்த ஓட்டம்தான் முன்னால் வந்து நின்றது. அன்று இரவு வீடியோவை மறுபடி போட்டேன். லாங் அடித்து, பந்து மூலைக்குப் போனதும் நிறுத்திவிட்டேன். ஜியாம்பி அப்போது இரண்டாவது பேஸைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.