ஒரே அடியில்

கோல்ஃப் என்றதும் நம்மில் பலர் உதட்டைப் பிதுக்குவோம். அது செல்வர் ஆட்டம். பரந்த புல்வெளியும், நிறைந்த ஓய்வும், பை சுமக்க ஓர் ஆளும் உடையவர் ஆடும் ஆட்டம் என்போம். உண்மைதான். ஆனால் அந்தப் பையைச் சுமந்த ஆளின் மகன் நான். ஆகவே அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு; தீர்க்க வேண்டிய கடன் ஒன்றும் உண்டு.

ஆட்டத்தின் இலக்கணம் எளிது. கையில் மட்டை, தரையில் சிறு பந்து, தொலைவில் கொடி, கொடியின் அடியில் குழி. குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் சேர்ப்பவரே வென்றவர். தொடங்கும் இடத்தில் நின்று அடித்த முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போய்விட்டால், அதற்கு 'ஹோல் இன் ஒன்' என்று பெயர். பெரும்பாலும் மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குறுங்குழிகளிலேயே இது நிகழும்.

குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். அதாவது 108 மில்லிமீட்டர். 1891இல் வகுத்த அந்த அளவு இன்றும் மாறவில்லை. 140 கஜத் தொலைவிலிருந்து நோக்கினால் அக்குழியின் அகலம் ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கே! பொழுதுபோக்காக ஆடுவோர் குறுங்குழிகளில் அடிக்கும் ஏறத்தாழ 12,500 அடிகளில் ஒன்றே இவ்வாறு விழும் என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. தொழில்முறை ஆட்டக்காரர்க்கு 2,500இல் ஒன்று என்பர். வாரம் ஒருமுறை ஆடுபவர், ஆட்டத்துக்கு நான்கு குறுங்குழிகள் என்று கொண்டால், ஆண்டுக்கு 208 முறை முயல்கிறார். 12,500ஐ எட்ட அறுபது ஆண்டுகள் ஆகும். அப்படி அறுபது ஆண்டு ஆடியவர்களிலும் நூற்றுக்கு 37 பேர்க்கு அந்த அடி ஒருமுறைகூட வாய்க்காது.

அதனால்தான் வாய்த்தவரை உலகம் கொண்டாடுகிறது. அடித்தவர் செலவில் மன்றத்தில் இருப்போர்க்கெல்லாம் விருந்து என்பது வழக்கம். ஜப்பானில் அந்தச் செலவுக்கு அஞ்சிக் காப்பீடே செய்துகொள்கிறார்கள்! ஆனால் ஒன்று: கண்டவர் ஒருவர் வேண்டும். தனியே நின்று அடித்ததாகச் சொன்னால், சிரித்துவிட்டுப் போவார்கள்.

என் கதைக்கு வருகிறேன். இன்று என் தந்தை வைட்டிலாவில் கொத்து வேலை செய்கிறார். விடியற்காலையில் சந்திப்பில் வேலைக்காகக் காத்து நிற்கும் தமிழர்களில் அவரும் ஒருவர். கொச்சிக்கு வருமுன் எங்களுக்கு மலைமேல் ஓர் ஊர் இருந்தது. அங்கே கோல்ஃப் திடல் ஒன்று இருந்தது. அங்கே பை சுமப்பது அவர் தொழில். அத்தொழில் செய்வோரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பார்கள்.

வந்ததே வினை! நம் தமிழில் கேடி என்றால் யார்? போலீசுப் பட்டியலில் பெயர் ஏறிய போக்கிரி அல்லவா? ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் தந்தையின் தொழிலைக் கேட்டு வந்தார். நான் எழுந்து, "எங்கப்பா கேடி, சார்" என்றேன். வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு மூன்றாவது இனிஷியல் ஒன்று ஒட்டிக்கொண்டது. அந்தத் திடலையும் மட்டையையும் நான் வெறுத்தேன்.

திங்கட்கிழமை காலைகளில் பை சுமப்போரும் ஆடிக்கொள்ள அங்கே இசைவு உண்டு. யாரோ கழித்துக் கொடுத்த ஏழாம் எண் இரும்பு மட்டை ஒன்று அப்பாவிடம் இருந்தது. பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் என்னையும் உடன் அழைத்துப் போனார். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. புல்லெல்லாம் பனி. குறுங்குழி ஒன்றின் எதிரே நின்றார். குழி மேட்டின்மேல் இருந்ததால் கொடியின் தலை மட்டுமே தெரிந்தது. அடித்தார். பந்து எழுந்து, மேட்டின்மேல் இறங்கி, மறைந்தது.

மேலே ஏறிப் பார்த்தால் பந்தைக் காணோம். அப்பா பின்பக்கத்துப் புதரில் தேடினார். நான் குழியை எட்டிப் பார்த்தேன். "அப்பா, உள்ளே கிடக்கு!" என்று கத்தினேன். அவர் துள்ளவில்லை. மெல்ல வந்து, குனிந்து, என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். பந்து இறங்கிய இடத்தில் ஒரு சிறு பள்ளம். அங்கிருந்து குழிவரை பனியில் ஒரு கோடு. வெண்மைக்கு நடுவே கரும்பச்சைக் கோடு. அதன் அருகே வேறு காலடி எதுவும் இல்லை. "பாரு தம்பி, பந்து வந்த தடம்" என்றார். விருந்தாக எனக்கு ஒரு பன்னும் தேநீரும் வாங்கித் தந்தார்.

மாலையில் தேநீர்க் கடையில் அவர் கூட்டாளிகள் நம்பவில்லை. "சாட்சி யாரு?" என்றார்கள். "என் மகன்" என்று அப்பா என்னை முன்னே நிறுத்தினார். கடை வாசலில் என் வகுப்பு மாணவர்கள் இருவர் நின்றிருந்தார்கள். அவர்கள் வாயில் 'கேடி' என்ற சொல் காத்திருந்தது எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "உள்ளே விழுந்ததை நான் பார்க்கல."

பொய்யில்லை, ஆனால் மெய்யுமில்லை. கூட்டம் சிரித்தது. "நீயே எடுத்துப் போட்டியா?" என்று ஒருவர் அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

ஆண்டுகள் கடந்தன. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, வைட்டிலாவிலிருந்து மெட்ரோவிலும் பின் படகிலுமாக அப்பாவைப் போல்காட்டித் தீவுக்கு அழைத்துப் போனேன். அங்கும் ஒரு கோல்ஃப் திடல் உண்டு. மரங்களுக்கு இடையே தெரிந்த புல்வெளியை நெடுநேரம் பார்த்து நின்றார். பை சுமந்து வளர்ந்து, 1991இல் இந்திய ஓப்பன் பட்டம் வென்ற அலி ஷேரைப் பற்றியும், 2009இல் வென்ற முனியப்பாவைப் பற்றியும் பேசினார். நான் என் படிப்பைக் காட்ட எண்ணி, 12,500 கணக்கை விளக்கினேன். எல்லாம் தற்செயல் என்று முடித்தேன்.

அவர் சொன்னார்: "கணக்கு சரியாத்தான் இருக்கும், தம்பி. ஆனா பனியில கோடு கிடந்துச்சே. அன்னிக்கு அதையாவது நீ சொல்லியிருக்கலாம்."

இத்தனை ஆண்டும் அவர் மறக்கவில்லை!

எடின்பரோவில் டெய்ட் என்றொரு இயற்பியல் பேராசிரியர் இருந்தார். பின்சுழற்சி கோல்ஃப் பந்தை மேலே தூக்கிச் செல்வதை 1890களில் கணக்கிட்டுக் காட்டியவர். அவர் மகன் ஃப்ரெடி, தொழில்முறையல்லாத ஆட்டக்காரர்க்கான பிரிட்டிஷ் பட்டத்தை 1896இலும் 1898இலும் வென்றவர். அங்கே மகன் அடித்தான்; தந்தை கணக்கிட்டார். எங்கள் வீட்டில் தந்தை அடித்தார், மகன் கணக்கிட்டேன். ஆனால் என் கணக்கு அரைகுறை. எல்லாம் தற்செயலே என்றால், தொழில்முறையாளர்க்கு வாய்ப்பு ஐந்து மடங்கு ஆவது ஏன்? குழியின் அருகே பந்தை இறக்கத் தெரிந்த கைக்கே தற்செயலும் அடிக்கடி துணை வருகிறது.

மற்றொன்றும் உண்டு. வில்சன் என்பார்க்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது எதற்காக? கண்ணுக்குத் தெரியாத துகள், ஈரக் காற்றில் நீர்த்துளிகளாலான தடத்தை விட்டுச் செல்வதைக் காட்டியதற்காக. அத்துகளை எவரும் கண்டதில்லை. தடத்தைக் கண்டு நம்புகிறோம். தேர்வில் அதை எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். பனியில் கிடந்த கோட்டுக்கு மட்டும் வாய் திறக்காமல் இருந்தேன்.

அந்தத் தேநீர்க் கடைக்கு இனி நான் போக இயலாது. அந்தக் கூட்டாளிகளும் திசைக்கொருவராய்ப் பிரிந்துவிட்டார்கள். ஆகவே உங்கள்முன் சொல்கிறேன். என் தந்தை ஒரு கேடி. பந்து இறங்கிய பள்ளத்தைக் கண்டேன். அங்கிருந்து குழிவரை சென்ற கோட்டைக் கண்டேன். குழிக்குள் பந்தைக் கண்டேன். அவர் அதை ஒரே அடியில் அடித்தார்.

இந்த மலர் அச்சாகி வந்ததும், வைட்டிலா வீட்டில் இதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன்.